நரிப்பொட்டலில் கேட்ட நாற்பது விடைகள்

நரிப்பொட்டல் நடுநிலைப் பள்ளியில் அடைவுத் தேர்வு நடந்த மறுநாள், புதன்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, ஆறாம் வகுப்பில் நாகஜோதி டீச்சர் கோணங்கள் நடத்திக்கொண்டிருக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டாம் வகுப்பில் அவளுடைய குரல் விடை சொல்லத் தொடங்கியது. "ஒண்ணு, இ. ரெண்டு, அ. மூணு, ஆ" என்று அது நிதானமாக, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டு போனது. டீச்சர் பலகையில் வைத்த சாக்பீஸை எடுக்காமல் நின்றாள். தன் வாய் திறந்திருக்கிறதோ என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

முந்தின நாள் இதே நேரத்தில் அவள் எட்டாம் வகுப்பில் நின்று இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கும் நாற்பது கேள்விகளுக்கான விடையைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். கண்காணிக்க வந்திருந்த இளைஞனைத் தலைமையாசிரியர் ஜெயசீலன் சார் டீ சாப்பிடத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்று, "பாத்துக்கங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அவள் பார்த்துக்கொண்டாள். கதவோரம் நின்று, வராந்தாவில் ஒரு கண்ணும் கேள்வித்தாளில் ஒரு கண்ணுமாக, குரலை நன்றாகத் தாழ்த்தி, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் சொன்னாள். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. இளைஞன் திரும்பி வந்தபோது பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஏன் சொன்னாள் என்றால், போன வருஷம் அந்த ஒன்றியத்தில் இருக்கிற அறுபத்திரண்டு பள்ளிகளில் நரிப்பொட்டல் அறுபத்திரண்டாவதாக வந்தது. கூட்டம் போட்டு, இருநூறு ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிற மண்டபத்தில், "கடைசிப் பள்ளிக்கூடத்துக்காரங்க எந்திரிங்க" என்று மேடையிலிருந்து ஓர் அதிகாரி சொன்னார். ஜெயசீலன் சாரும் அவளும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்ல அந்த அதிகாரி மறந்துபோனார். ஒரு மணி நேரம் நின்றார்கள். அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில் சார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அடுத்த வருஷமும் நின்னோம்னா பள்ளிக்கூடத்தையே மூடி மேலூரோட சேத்துருவாங்க டீச்சர். ஆறு கிலோமீட்டர். பொம்பளப் புள்ளைகள ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க" என்றார். அது உண்மைதான். ஆனால் குரலைத் தாழ்த்தி விடை சொன்ன நேரத்தில் நாகஜோதி டீச்சர் மனசில் பொம்பளப் பிள்ளைகள் இல்லை. அந்த மண்டபத்தில் ஒரு மணி நேரம் நின்ற தன் கால்கள்தான் இருந்தன. அதை அவள் அறிந்தே இருந்தாள்.

வியாழக்கிழமையும் பத்தே காலுக்குக் குரல் வந்தது. வெள்ளிக்கிழமையும் வந்தது. சனி ஞாயிறு பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோதும் வந்தது. அது ரகசியக் குரலாக இருந்ததால் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்று டீச்சர் நினைத்தாள். ஆனால் ரகசியமாகப் பேசப்பட்டதாலோ என்னவோ அது ஊர் முழுக்க ஒரே அளவாகக் கேட்டது, வகுப்பில் இருந்தவருக்கும் கண்மாய்க் கரையில் மாடு மேய்த்தவருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்கும், யாரோ பக்கத்தில் குனிந்து காதோடு சொல்வதுபோல, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

என்ன குரல், எதற்கு வருகிறது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்; பிள்ளைகள் அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் சொல்லியிருந்தார்கள். மாசி பிறக்கிற நேரம், நரிப்பொட்டலின் எல்லாக் களங்களிலும் மிளகாய்ப் பழம் சிவக்கச் சிவக்கக் காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் குனிந்து பழத்தைப் புரட்டிவிடுகிற பெண்கள், குரல் இருபதைத் தொட்டதும் நிமிர்ந்து வேப்பமரத்தடிக்குப் போய் டீ குடித்துவிட்டு நாற்பதுக்குத் திரும்பி வந்தார்கள். மினி பஸ் டிரைவர் ஐந்தாவது விடைக்கு வண்டியை எடுத்தார், ஓடி வருகிறவர்கள் "இப்பத்தானய்யா நாலு சொல்லுது, நில்லுய்யா" என்று கத்தினால் நின்றார். டீக்கடைக் கூரியம்மாளின் மருமகள் பெற்றிருந்த மூன்று மாதக் குழந்தை அந்தக் குரல் வந்தால்தான் தூங்கியது. வில்வத்துரை வீட்டில் பெண்ணுக்கு நாலு இடத்திலிருந்து ஜாதகம் வந்திருந்தது. நாலு மாப்பிள்ளைக்கும் அ, ஆ, இ, ஈ என்று பேர் வைத்து, பெண் பிறந்த தேதி இருபத்தொன்பது என்பதால் இருபத்தொன்பதாவது விடைக்குக் குடும்பமே காது கொடுத்து நின்று, ஈ என்று வந்ததும் காரைக்குடி மாப்பிள்ளைக்கு வெற்றிலை பாக்கு மாற்றினார்கள்.

டீச்சரை யாரும் ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கினால் பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். "நேத்து குரல் கொஞ்சம் கம்முனாப்புல இருந்துச்சே டீச்சர், மிளகு தட்டிப் போட்டுப் பால் குடிங்க" என்று கூரியம்மாள் உண்மையான அக்கறையோடு சொன்னாள். ஜெயசீலன் சார் எட்டாம் வகுப்புச் சுவருக்கு வெள்ளையடித்துப் பார்த்தார், பலகையைக் கழற்றி வேறு பலகை மாட்டிப் பார்த்தார், பிறகு பத்தே காலுக்கு எட்டாம் வகுப்புக்கு விளையாட்டுப் பாடவேளை என்று அட்டவணையை மாற்றிவிட்டு அதை மறந்துபோனார்.

நாகஜோதி டீச்சரால் மறக்க முடியவில்லை. பரமக்குடியில் இருக்கிற அவள் வீட்டுக்கு அந்தக் குரல் எட்டாது. என்றாலும் ஞாயிற்றுக்கிழமை பத்தே கால் ஆனால் அவள் அடுக்களைக்குப் போய் மிக்ஸியை ஓடவிட்டாள்.

"என்னத்த அரைக்கிற?" என்று கணவர் கூடத்திலிருந்து கேட்டார்.

"சட்னி."

அவர் வந்து பார்த்தபோது மிக்ஸி காலியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் போனார்.

மூன்று வாரம் கழித்துத் தேர்வு முடிவு வந்தது. நரிப்பொட்டல் அறுபத்திரண்டு பள்ளிகளில் முதலாவதாக வந்திருந்தது. எட்டாம் வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள் ஆளுக்கு முப்பத்தொன்பது மார்க் வாங்கியிருந்தார்கள். ஒரே ஒரு பிள்ளை மட்டும் பதிமூன்று. அந்தப் பிள்ளை பேர் சந்தனமாரி.

அவள் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்காருகிறவள், அதிகம் பேசாதவள், காலையில் ஏழு குடம் தண்ணீர் எடுத்துவிட்டு ஈரப் பாவாடையோடு பள்ளிக்கூடத்துக்கு வருகிறவள். அப்பா கிடையாது. அம்மா முத்துராக்கு மிளகாய்க் களத்தில் வேலை செய்தாள். விடை சொல்லப்பட்ட அன்றைக்கு இந்தப் பிள்ளை மட்டும் அதை எழுதவில்லை என்று டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது.

காலை அசெம்பிளியில் ஜெயசீலன் சார் மைக்கைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக யாரும் பார்த்ததில்லை. இருபத்தேழு பேரையும் மேடைக்குக் கூப்பிட்டு மற்றவர்களைக் கைதட்டச் சொன்னார். பிறகு சந்தனமாரியை எழுந்து நிற்கச் சொன்னார்.

"எல்லாரும் படிச்சீங்க. ஒரே வாத்தியார், ஒரே வகுப்பு. இருபத்தேழு பேருக்கு ஏறுனது ஒனக்கு மட்டும் ஏன் ஏறல? நூத்துக்கு நூறு பள்ளிக்கூடம்னு சொல்ல வேண்டியத ஒருத்தி கெடுத்துட்ட. சொல்லு, ஏன்?"

சந்தனமாரி எழுந்து நின்றாள். முந்நூறு கண்கள் அவளைப் பார்த்தன. சின்ன வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். நாகஜோதி டீச்சர் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. என்ன வார்த்தை என்றும் தெரிந்தது. அவள் தன் செருப்பைப் பார்த்தாள். செருப்பின் வார் ஒரு பக்கம் பிய்ந்து வருவதை மிகவும் கவனமாகப் பார்த்தாள். சந்தனமாரி உட்காரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாளிலிருந்து சந்தனமாரி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் முதலிடம் வந்த பள்ளியைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். வகுப்பில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது பத்தே கால் ஆனது. குரல் தொடங்கியது. ஜெயசீலன் சார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அதிகாரி நாற்பது விடையையும் தலையை ஆட்டிக் கேட்டு முடித்துவிட்டு, "காதால கேட்டுக் கத்துக்கிறது. நல்ல முயற்சி. மத்த பள்ளிக்கூடத்துக்கும் சொல்லணும்" என்று சொல்லி, அதையே பார்வையாளர் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீச்சரிடம், "உங்க குரல் ரொம்பத் தெளிவா இருக்கும்மா" என்றார். அவள் "தேங்க்ஸ் சார்" என்றாள். சொன்ன பிறகு வெகுநேரம் நாக்கில் அந்தச் சொல் கசந்தது.

அன்றைக்கே அவள் அனுமதி கேட்டுக்கொண்டு மிளகாய்க் களத்துக்குப் போனால் என்ன என்று நினைத்தாள். போகவில்லை. அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் போனாள்.

முத்துராக்கு சாக்கை உதறிப்போட்டு உட்காரச் சொன்னாள். சந்தனமாரி சற்றுத் தள்ளி, முக்காடு போட்டுக்கொண்டு, காய்ந்த மிளகாயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"புள்ளய ஏன் அனுப்பல?" என்று டீச்சர் கேட்டாள்.

"என்னத்துக்கு டீச்சர்? படிப்பு ஏறல. ஊருல அத்தன புள்ளைக்கும் ஏறுனது இவளுக்கு மட்டும் ஏறலைன்னா மண்டைல ஒண்ணும் இல்லைன்னுதான அர்த்தம். சும்மா சொல்லக் கூடாது, நீங்க அம்புட்டுத் தெளிவா, ரெண்டு ரெண்டு தடவ சொல்றீக. நான் எழுதப் படிக்கத் தெரியாதவ, எனக்கே நாப்பதும் மனப்பாடம் ஆயிருச்சு. இந்தக் கழுதைக்கு ஆகல." முத்துராக்கு குரலைத் தாழ்த்தினாள். "வெளக்கமாத்தால அடிச்சேன் டீச்சர். மார்க்குக்கு ஒண்ணா, பதிமூணு அடி."

டீச்சர் வாயைத் திறந்தாள். அப்போது பத்தே கால் ஆகியிருந்தது. "ஒண்ணு, இ" என்று குரல் அவள் காதோடும் முத்துராக்குவின் காதோடும் சந்தனமாரியின் காதோடும் சொன்னது. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். தன் குரல் பேசும்போது தானும் பேசுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முத்துராக்கு உதட்டை அசைத்துக் கூடவே சொன்னாள். குரல் "பதினேழு, ஆ" என்று சொன்னபோது சந்தனமாரி மிளகாயைப் பார்த்தபடியே, "அது இ" என்றாள்.

"என்னது?" என்றாள் டீச்சர்.

"பதினேழு, இ டீச்சர். முக்கால் கொடம் தண்ணி இருக்கு, அதுல பாதிய செடிக்கு ஊத்திட்டா மிச்சம் எவ்வளவுன்னு கேட்டிருந்துச்சு. நீங்க கால் கொடம்னு சொல்றீங்க. முக்கால் கொடத்துல பாதிய ஊத்துனா கால் கொடம் எப்படி நிக்கும்? அதுக்கு மேலல்ல நிக்கும்."

"ஏ, சும்மா இருடி. டீச்சர் தப்பாச் சொல்வாகளா?" என்று முத்துராக்கு மகளை அதட்டினாள்.

டீச்சர் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். முக்காலில் பாதி. எட்டில் மூன்று பங்கு. அன்றைக்கு வராந்தாவில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, அவசரத்தில் முக்காலிலிருந்து அரையைக் கழித்திருக்கிறாள். பதினோரு வருஷமாகக் கணக்கு நடத்துகிறவள். இருபத்தேழு பிள்ளைகளும் ஏன் முப்பத்தொன்பதில் நின்றார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு மாதமாக அந்தத் தப்பான விடையை இந்த ஊரின் காதில், தூங்குகிற குழந்தையின் காதில், தினமும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பிள்ளையும் தினமும் காம்பு கிள்ளிக்கொண்டே அதைத் திருத்திக்கொண்டிருக்கிறது.

"அன்னைக்கு நான் சொன்னத நீ ஏன் எழுதல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு எவ்வளவு வரும்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு" என்றாள் சந்தனமாரி.

முத்துராக்குவிடம் உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. டீச்சர் கையில் எப்போதோ எடுத்த ஒரு மிளகாய் நசுங்கி, விரலெல்லாம் எரிந்தது. "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வரப்பில் நடந்து வரும்போது அந்தக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கண் எரிய எரிய, வழி தெரியாமல் நின்றாள். எதிரே வந்த பெண்கள் பாவம் டீச்சர் என்று செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாளும் சந்தனமாரி வரவில்லை. அன்றைக்கு அசெம்பிளியில் செய்தி வாசித்து முடிந்ததும் நாகஜோதி டீச்சர் போய் மைக்குக்கு முன்னால் நின்றாள். ஏற்கெனவே எழுதி வைத்துக்கொண்ட தாள் கையில் இருந்தது; அதைப் பிரிக்கவில்லை.

"எட்டாம் வகுப்புப் பரீட்சையில விடையெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தேன். அது தப்பு. சந்தனமாரி ஒருத்திதான் சொந்தமா எழுதுனா. பதிமூணு மார்க்கும் அவ மார்க்கு. முப்பத்தொன்பதும் என் மார்க்கு. அதுலயும் ஒண்ணு தப்பு. அவள எந்திரிக்கச் சொல்லித் திட்டினப்ப நான் இங்கதான் நின்னேன். வாயத் திறக்கல."

"மைக்க ஆஃப் பண்ணு" என்று ஜெயசீலன் சார் யாரிடமோ சொன்னார். யாரும் ஆஃப் பண்ணவில்லை. ஆனால் அவளுக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான் இருந்தது.

பத்து மணிக்குள் ஊர் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு மாதமாகக் காதில் விழுந்ததைக் குற்றம் என்று சொல்லாதவர்கள், அவள் வாயால் சொன்னதும் கோபப்பட்டார்கள். "எங்க புள்ளைக மொத மார்க் வாங்குனா உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று வில்வத்துரை கேட்டார். "நல்ல மனசோட செஞ்சத ஏன் டீச்சர் நாறடிக்கிறீங்க? நாங்க எதாச்சும் கேட்டமா?" என்றாள் கூரியம்மாள், அழாத குறையாக. இருபத்தேழு பிள்ளைகளில் சிலர் அழுதார்கள், சிலர் டீச்சரை முறைத்தார்கள். ஜெயசீலன் சார் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் நாகஜோதி டீச்சரிடம் பேசவில்லை. எதுவானாலும் தாளில் எழுதி அனுப்பினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்துராக்கு வந்தாள். மகளைக் கையில் பிடித்திருந்தாள். இரண்டு பேர் கையும் மிளகாய்த் தூசியில் சிவந்திருந்தது. அவள் டீச்சரைத் திட்டவில்லை. நேரே வகுப்புக்குள் நடந்து, பிள்ளையை முதல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, திரும்பி, "பதிமூணு அடி" என்று மட்டும் சொன்னாள். அது கேள்வியா, கணக்கா, சாபமா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினாள்.

அப்போது பத்தே கால். குரல் ஆரம்பித்தது. வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பழக்கத்தில் அமைதியானார்கள். பதினேழுக்கு வந்ததும் டீச்சர் சாக்பீஸைச் சந்தனமாரியிடம் நீட்டினாள். அவள் பலகைக்குப் போய் ஒரு குடம் வரைந்தாள். அதை எட்டுக் கோடாகப் பிரித்து, ஆறு கோடு வரைக்கும் தண்ணீர் என்று தீட்டினாள். அதில் பாதியை அழித்தாள். மூன்று நின்றது. பெஞ்சில் இருந்த பிள்ளைகள் எண்ணிப் பார்த்தார்கள். ஜன்னலில் நின்ற பெரியவர்களும் எண்ணிப் பார்த்தார்கள், குடம் என்பதால் பெண்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "ஆமா, கால் கொடத்துக்கு மேலதான் நிக்கும்" என்றாள் கூரியம்மாள், கோபம் தீராமலே.

அடுத்த நாள் குரல் பதினாறு வரை சொல்லி, பதினேழு சொல்ல வேண்டிய நேரத்தில் இரண்டு மூச்சு சும்மா இருந்துவிட்டு, பதினெட்டுக்குப் போனது.

அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தேர்வு முடிவு ரத்தானது. மெமோ வந்தது. சம்பள உயர்வு நின்றது. நரிப்பொட்டலுக்கு வேறு ஆள் வர ஒப்பாததால் அவளை மாற்றவில்லை. அவள் கேள்வித்தாளைப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு கேள்வியாக, பிள்ளைகள் தாங்களே போட்டு முடிக்கும்வரை நின்றாள். அவள் வாய் தவறி விடையைச் சொல்லிவிட்டால் குரலில் அந்த எண் அடங்காது. ஒரு பிள்ளைக்குப் புரியாமல் இருபத்தேழு பேருக்குப் புரிந்தாலும் அடங்காது. இருபத்தெட்டுப் பேருக்கும் புரிந்த கேள்விதான் அடங்கியது. அப்படிச் செய்யும்போதுதான், எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வகுத்தல் தெரியாது என்பதும், அதை மூன்று வருஷமாகத் தனக்குத் தெரியாமல் மறைக்க அந்தப் பிள்ளைகள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தனக்குத் தெரியாமலா? அப்படிச் சொல்லிக்கொள்ளவும் அவளால் முடியவில்லை.

ஊருக்கு அது பிடிக்கவில்லை. இருபது அடங்கிய அன்றைக்குக் களத்துப் பெண்கள் டீக்குப் போக மறந்து உச்சி வெயிலில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். மினி பஸ் டிரைவர் கைக்கடிகாரம் வாங்கினார். கூரியம்மாளின் பேரன், குரலில் ஓட்டை விழ விழ, தூக்கத்தில் விழித்து அழுதான். அவள் பள்ளிக்கூடத்துக்கே தூக்கிக்கொண்டு வந்து, "புள்ளத் தூக்கத்தையும் கெடுத்துட்டீகளே, இந்தாங்க, நீங்களே ஆட்டுங்க" என்று டீச்சர் மடியில் போட்டுவிட்டுப் போனாள். டீச்சர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னக் கணக்கு நடத்தினாள்.

சித்திரையில் பள்ளிக்கூடம் முடியும்போது முப்பத்தொன்று அடங்கியிருந்தது. ஒன்பது மிச்சம். எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் மேலூர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். கடைசி நாள் மாற்றுச் சான்றிதழ் வாங்க எல்லாரும் வந்தார்கள். சந்தனமாரி கடைசியாக வந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றாள்.

"டீச்சர், அன்னைக்கு அசெம்பிளில நீங்க கொடிக்கம்பத்துக்கிட்டதான நின்னீங்க?"

"ஆமா."

"நான் உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு விவரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். டீச்சர், "மன்னிச்சிரும்மா" என்றாள். சந்தனமாரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "பஸ் வந்துரும் டீச்சர், நான் போறேன்" என்று சொல்லிவிட்டு, சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு மேலூர் பஸ்ஸில் எப்போதாவது பார்த்தால் எழுந்து இடம் கொடுத்தாள், பேசமாட்டாள். டீச்சரும் அந்த இடத்தில் உட்காரமாட்டாள். இரண்டு பேரும் நின்றுகொண்டே போவார்கள், நடுவில் ஒரு காலி இருக்கையோடு.

ஜூன் மாதம் புதிய எட்டாம் வகுப்பு வந்தது. இருபத்து மூன்று பிள்ளைகள். எல்லாரும் உள்ளூர், குரலோடு வளர்ந்தவர்கள். ஒரே ஒரு பெண் மட்டும் புதிது, பேர் யாழிசை. அவள் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை போய் ஊருக்குத் திரும்பி வந்திருந்தார். முதல் நாள் பத்தே காலுக்குக் குரல் வந்தது. "நாலு, ஈ" என்றது. பிறகு நீளமாக ஒன்றும் இல்லை. பிறகு "பதினொண்ணு, அ" என்றது.

யாழிசை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "டீச்சர், யாரு பேசுறாங்க?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் பெஞ்சில் இருந்த ஒருத்தி டீச்சர் முகத்தைப் பார்த்துவிட்டு, பெரிய மனுஷிபோல, "அது ரேடியோ. டீக்கடை ரேடியோ" என்றாள். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகள் தனக்காகப் பொய் சொல்வதை நாகஜோதி டீச்சர் பார்த்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரேடியோ இல்ல. நான்தான்" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மண்டபத்தில் நின்றதை, தேர்வை, களத்தில் வாயை மூடிக்கொண்டதை. பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அவள் வாயால் கேட்டதில்லை. சொல்லும்போது ஒருமுறைகூட அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சொல்லி முடித்தபோது குரலும் நாற்பதை முடித்து ஓய்ந்திருந்தது.

யாழிசை எழுந்து நின்றாள். பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "டீச்சர், எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றாள். "திருப்பூர்ப் பள்ளிக்கூடத்துல அது யாருக்கும் தெரியாது. பக்கத்துல இருக்கிற புள்ள சொல்றதப் பாத்து வாயசைப்பேன்."

டீச்சர் அவளைப் பார்த்தாள். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், ரேடியோ என்று சொன்ன அந்த முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "எனக்கும் டீச்சர்" என்றாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்கு நல்ல மார்க் போட்டுவந்தவள் நாகஜோதி டீச்சர்தான். அவளுக்குப் பின்னால் ஒருவன் எழுந்தான். ஜன்னலோரம் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒவ்வொருவராக, பெஞ்சு கிறீச்சிட, தலையைக் குனிந்துகொண்டு, எழுந்துகொண்டே இருந்தார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் ஏழெட்டுப் பேராகக் குறைந்தார்கள்.

டீச்சர் யாரையும் நிற்கவிடவில்லை. "உக்காருங்க, உக்காருங்க" என்று அவசரமாகச் சொன்னாள். அலமாரியைத் திறந்து, மேல் தட்டிலிருந்த எட்டாம் வகுப்புப் புத்தகங்களைத் தள்ளிவிட்டு, ஒன்றாம் வகுப்புப் புத்தகங்கள் கீழே எங்கே இருக்கின்றன என்று தரையில் மண்டியிட்டுத் தேடத் தொடங்கினாள்.